பலூனா, மாத்திரையா?

பலூன் என்றால் எங்க தோட்டத்துப் பக்கம் திருவிழாதான் ஞாபகம் வரும். பிரசவ வார்டில் அது வேறு.

வலி தானாக வராதபோது முதலில் கருப்பை வாயை இளக்கணும். அதற்கு ஃபோலி குழாயை அந்த வாய் வழியே உள்ளே விட்டு, நுனியிலுள்ள பலூனில் தண்ணீர் நிரப்புவார்கள். அழுத்தத்தில் வாய் மெல்லத் திறக்கும். மருந்து வழியும் உண்டு. டைனோப்ரோஸ்டோன் விலை கூட, குளிரிலும் வைக்கணும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை மலிவு, ஃப்ரிட்ஜும் தேவையில்லை.

நாக்பூர் அரசு ஆஸ்பத்திரிகளில் இரத்த அழுத்தம் கூடிய 602 கர்ப்பிணிகளிடம் மாத்திரையையும் பலூனையும் ஒப்பிட்டார்கள். 2017இல் லான்செட்டில் வெளிவந்தது. 24 மணிநேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது மாத்திரையில் 57 சதவீதம், பலூனில் 47.

அப்போ மாத்திரைதானே நல்லது? எல்லாருக்கும் இல்ல. என் அக்காவுக்கு முதல் பிள்ளை சிசேரியன். மிசோப்ரோஸ்டால் கொடுத்தால் பழைய தழும்பில் கருப்பை கிழியும் ஆபத்து கூடும். அவங்களுக்குப் பலூன் வைத்தது சரிதான். ஆனால் ஏன் என்று யாரும் தமிழில் சொல்லல. ராத்திரி முழுக்கப் பயந்துபோய்க் கிடந்தாங்க.

1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஹட்டன், நுவரெலியா பக்கம் பிரசவத்துக்குப் போகும் எத்தனையோ பேருக்குத் தெரிந்த மொழி அதுதான். "எனக்கு ஏன் இது?" என்று கேட்கவும் பதில் சொல்லவும் இரண்டு நிமிஷம் போதும்.