அடுப்புக்கு ராத்திரி பகல் தெரியுமா?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி கொஞ்சம் அதிகம். போன வாரம் ஊர்லேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணினான். ஹைதராபாத்தில் புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கான். "அண்ணே, எக்செல்ல ரிக்ரஷன் பட்டனையே காணோம், மேனேஜர் சாயங்காலத்துக்குள்ள கேக்கறார்"னு அழாத குறை. அவனுக்கு வழி சொல்லிட்டு போனை வச்சதும், எனக்கே எனக்கான ஒரு பழைய கதை ஞாபகம் வந்துடுச்சு. இத்தனை நாள் எழுதணும்னு நினைச்சு எழுதாம விட்டது. கொஞ்சம் வெட்கம்தான் காரணம். இன்னிக்கு எழுதிடறேன்.

கணக்கு பதிவாச்சேன்னு ஓடிடாதீங்க. ரிக்ரஷன்னா என்னன்னு புனே ஆட்டோவை வச்சே சொல்லிடலாம். ஏறி உட்கார்ந்ததும் ஒரு தொகை. அப்புறம் கிலோமீட்டருக்கு இவ்வளவு. ராத்திரியானா அதுக்கு மேல கொஞ்சம். இப்ப மீட்டர் கார்டை உங்ககிட்ட காட்டாம, நூறு சவாரியோட தூரமும், ராத்திரியா பகலாங்கறதும், கொடுத்த காசும் மட்டும் கையில் கொடுத்தா, ஏறு காசு எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு, ராத்திரிக் கூடுதல் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ற வித்தைதான் ரிக்ரஷன். அவ்வளவுதான்.

நான் இருக்கிறது புனே பக்கம், சாக்கன். வாகன உதிரிபாகத்துக்கு உருக்கைச் சூடுபண்ணிப் பதப்படுத்தற ஆலை. எங்க செலவில் பெரும் பங்கு கரண்டு பில். அதனால் 2022 ஜூலையில் ஒரு வேலை கொடுத்தாங்க: மின்சாரம் எங்க போகுதுன்னு கண்டுபிடி. ஏப்ரல், மே, ஜூன், மொத்தம் 91 நாள். நாளைக்கு ரெண்டு ஷிஃப்ட். 182 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஃபர்னஸில் போட்ட எடை, ராத்திரியா பகலா, எத்தனை யூனிட்.

எங்ககிட்ட ஆபீஸ்லேயே எழுதின ஒரு ஆட்-இன் இருந்துச்சு. முன்னாடி வேலை பார்த்த ஒருத்தர் எழுதிட்டு, அப்புறம் வேற வேலைக்குப் போயிட்டார். பட்டனைத் தட்டினா அழகா கலர் கலரா ரிப்போர்ட் வரும். நானும் தட்டினேன். வந்துச்சு. ஒரே எடைக்கு, ராத்திரி ஷிஃப்ட் பகலைவிட சுமார் 350 யூனிட் கூடுதலா இழுக்குதாம். தற்செயலா வந்திருக்க வாய்ப்பே இல்லைங்கற அளவுக்குச் சின்ன பி-வேல்யூ வேற. அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கணும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டினேன். ராத்திரி ஷிஃப்ட்டைப் பார்த்துக்கிறவர் சோலாப்பூர்க்காரர். ஐம்பத்தி அஞ்சு வயசிருக்கும். ஆலையில் எல்லாருக்கும் அவர் 'காகா'. அன்னிக்குத் தூக்கக் கண்ணோட வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாத்தையும் கேட்டுட்டு ஹிந்தியில் ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "சாப், அடுப்புக்கு ராத்திரி பகல் தெரியுமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். "காகா, நான் சொல்லல, நம்பர் சொல்லுது"ன்னேன். ஆகஸ்ட்லேர்ந்து ராத்திரி ஷிஃப்ட் 11 பேருக்கும் மின்சாரச் சிக்கனத்துக்குக் கொடுத்துக்கிட்டிருந்த மாசம் 750 ரூபாய் இன்சென்டிவ் நின்னுபோச்சு.

அடுத்த காட்சி 2023 ஜனவரி. பொங்கலுக்கு மூணு நாள் இருக்கு. எனக்குப் புது லேப்டாப் வந்திருக்கு. அக்டோபர் - டிசம்பர் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை போகணும். தங்கமணி வேற, பிம்ப்ரி மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் தீர்ந்துபோகும், சீக்கிரம் வாங்கன்னு ரெண்டு தடவை போன் பண்ணியாச்சு. எக்செலைத் திறந்தா அந்த ஆட்-இன் பட்டனைக் காணோம்!

முதல்ல, மெயிலில் வந்த ஃபைல்ங்கறதால விண்டோஸ் அதைப் பூட்டி வச்சிருந்துச்சு. எக்செலை மூடிட்டு, ஃபைலை ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ் அடியில் 'அன்பிளாக்'கை டிக் பண்ணினேன். பட்டன் வந்துச்சு. தட்டினா வேற பிழை: இந்த நிரலை 64 பிட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்தணுமாம். பழைய மெஷினில் இருந்தது 32 பிட் எக்செல், புதுசில் 64. எழுதினவர் இல்லை. ஐடி ஆளைக் கேட்டா "டிக்கெட் போடுங்க சார்"ங்கறார்.

சரி, எக்செலோடவே வர்ற அனாலிசிஸ் டூல்பேக்கில் பண்ணிடலாம்னு அதை ஆன் பண்ணினேன். எண்களைக் காட்டி ஓகே தட்டினா, மூஞ்சியில் அடிச்ச மாதிரி ஒரு பெட்டி: கொடுத்த இடத்தில் எண் அல்லாதது இருக்கு, முடியாது.

எனக்கு வந்த கோபத்துக்கு... அந்த ஓசி பட்டன் ஆறு மாசம் முன்னாடி இதே மாதிரி டேட்டாவைச் சத்தமில்லாம வாங்கிக்கிட்டுச்சே, இதுக்கு என்ன கேடுன்னு திட்டினேன். (இந்த வரியை ஞாபகம் வச்சுக்கங்க.)

தேடினேன். எடை இருக்கிற காலத்துக்கு கீழ கவுன்ட்ஏ போட்டா 184. அக்டோபர் - டிசம்பர் 92 நாள், ரெண்டு ஷிஃப்ட், சரி. கவுன்ட் போட்டா 92. கவுன்ட்ஏ காலியில்லாத எல்லாத்தையும் எண்ணும். கவுன்ட் நிஜ எண்ணை மட்டும்தான் எண்ணும். அப்ப பாதிக்குப் பாதி எண் மாதிரி வேஷம் போட்ட எழுத்து! எல்லாம் ராத்திரி வரிசைகள்.

காரணம் இதுதான். பகல் ஷிஃப்ட் எடையை ஒரு பையன் கையால் டைப் பண்றான். ராத்திரியில் ஆள் கிடையாது. எடை மேடை சாஃப்ட்வேரோட பிரவுசர் பக்கத்திலிருந்து காப்பி பண்ணி ஒட்டறாங்க. அப்படி ஒட்டும்போது 1,240ங்கற எண்ணுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளியும் சேர்ந்து வருது. சாதாரண ஸ்பேஸ் இல்லை. 160ஆம் எழுத்து. ட்ரிம் போட்டாலும் போகாது. சப்ஸ்டிடியூட்டில் சார்(160)ஐக் கொடுத்துத் துடைச்சு, வேல்யூ போட்டு எண்ணாக்கினேன். டூல்பேக் ஒரே நொடியில் விடை சொல்லிடுச்சு.

ராத்திரிக் கூடுதல்? கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை.

இங்கதான் மக்களே நான் வழுக்கி விழப் பார்த்தேன். "அட, இன்சென்டிவை நிறுத்தினதும் திருந்திட்டாங்க பாரு!"ன்னு தோணுச்சு. மெயில் கூட பாதி அடிச்சுட்டேன். நடவடிக்கைக்கு நல்ல பலன், நன்றி, வணக்கம். அனுப்பற பட்டன் மேல கை இருக்கு. அப்பத்தான் மேல நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன அந்த வரி எனக்கே உறைச்சுது. அந்தப் பட்டன் இதே மாதிரி டேட்டாவை எப்படிச் சத்தமில்லாம வாங்கிச்சு?

பழைய ஃபைலைத் திறந்தேன். கவுன்ட்ஏ 182. கவுன்ட் 91. அதே வியாதி.

ஆல்ட்டும் எஃப்11ம் தட்டி ஆட்-இன் உள்ளே போய்ப் பார்த்தேன். பாஸ்வேர்டு இல்லை. எடையை வாங்கற இடத்தில் 'வால்'னு ஒரு ஃபங்ஷன். அது இடதுபக்கத்திலிருந்து படிச்சுக்கிட்டே வரும். எண்ணில்லாத முதல் எழுத்தைப் பார்த்ததும் நின்னுடும். 1,240ல முதல் எழுத்து 1. அடுத்தது காற்புள்ளி. நின்னுடுச்சு. ஆக 1,240 கிலோ அதுக்கு 1 கிலோ. 2,150 கிலோ 2 கிலோ. ஆயிரத்துக்குக் கீழ உள்ளது மட்டும் சரியாப் போயிருக்கு.

அதாவது காகாவோட ஆட்கள் ராத்திரி முழுக்க ஒரு கிலோ இரும்பை ஃபர்னஸில் வச்சு ஒரு ஷிஃப்ட் கரண்டை எரிச்சாங்கன்னு நான் கணக்குக் காட்டியிருக்கேன். அதை வச்சு 11 பேர் சம்பளத்தில் கை வச்சாச்சு. 750 பெருக்கல் 11 பெருக்கல் 5 மாசம். 41,250 ரூபாய். இந்தக் கணக்குக்கு ஆட்-இன் தேவைப்படலை.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. மதுரையில் காலேஜ் படிக்கும்போது புள்ளியியல் வாத்தியார் ஒருத்தர், அஞ்சே அஞ்சு புள்ளியைக் கொடுத்து கையால் கோடு போடச் சொல்வார். முதல்ல கிராஃப் தாளில் புள்ளி வை, அப்புறம்தான் சூத்திரம்னு அடம். பழைய ஆளுன்னு கேலி பண்ணியிருக்கோம். 1973இல் ஆன்ஸ்கோம்ப்னு ஒரு புள்ளியியல் அறிஞர் இதையே நாலு சின்ன அட்டவணையில் காட்டினார். ஒவ்வொண்ணிலும் 11 புள்ளி. நாலுக்கும் அதே சராசரி, அதே கோடு, ஏறக்குறைய 0.67ன்னு அதே ஆர்-ஸ்கொயர். படமா வரைஞ்சா, ஒண்ணு ஒழுங்கான சிதறல், ஒண்ணு வளைவு, ஒண்ணில் ஒரே புள்ளி கோட்டை இழுக்குது, இன்னொண்ணில் தனியா நிக்கற ஒரு புள்ளிதான் கோட்டையே உண்டாக்குது. ஆட்-இன் பார்த்த எண்களை வச்சு நான் ஒரே ஒரு சிதறல் படம் போட்டிருந்தா, ராத்திரிப் புள்ளிகளெல்லாம் இடது ஓரச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னிருக்கும். குழந்தை கூட கண்டுபிடிச்சிருக்கும்.

அன்னிக்கு ராத்திரி சரியாத் தூங்கலை. யாருக்கும் தெரியாது, புது ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினா இன்சென்டிவ் தானா திரும்ப வந்துடும்னு ஒரு மனசு. தங்கமணிகிட்ட சொன்னேன். கரும்பை வெட்டிக்கிட்டே, "அவங்க பொண்டாட்டிங்க அஞ்சு மாசமா என்ன கேட்டிருப்பாங்க?"ன்னா. அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லலை.

வெள்ளிக்கிழமை ஜி.எம். ரூமுக்குப் போய், ரெண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டிச் சொல்லிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். "நீயே பண்ணின ரிப்போர்ட்டை நீயே தப்புங்கறியே, எதை நம்பறது?"ன்னார். நியாயமான கேள்வி. பதில் இல்லை. நின்னுபோன பணம் மொத்தமா வர மார்ச் ஆயிடுச்சு. ஆனா வந்துச்சு.

பொங்கலுக்கு மறுநாள் திங்கட்கிழமை. காகா ஷிஃப்ட் முடிச்சு என் மேஜைக்கு வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போயாச்சுன்னு தெரியும். நான் எழுந்து நின்னு மன்னிப்புக் கேட்டேன். அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரிச்சு எள்ளுருண்டை ஒண்ணை என் கையில் வச்சார். மராட்டிக்காரங்க சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுத்து, இனிப்பாப் பேசுன்னு சொல்ற வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரிதான் என்கிட்டயும் சொன்னார். போகும்போது திரும்பி, "அடுத்த தடவை கணக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஃபர்னஸ் பக்கம் வா சாப், டீ போட்டுத் தர்றேன்"னார்.

அதுக்கப்புறம் போனேன். இப்பவும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் முன்னாடி ஒரு ராத்திரி போறேன்.

சரி, என்னை மாதிரி எங்கேயோ உட்கார்ந்து இந்தப் பொட்டியோட மல்லுக்கட்டற தம்பி தங்கச்சிகளுக்கு:

1. பட்டன் இல்லையா? ஃபைல் → ஆப்ஷன்ஸ் → ஆட்-இன்ஸ். கீழே மேனேஜ் பெட்டியில் எக்செல் ஆட்-இன்ஸ், கோ. அனாலிசிஸ் டூல்பேக்கை டிக் பண்ணுங்க. டேட்டா டேப்பில் வலது ஓரம் வரும். பக்கத்தில் விபிஏன்னு இருக்கிறது மேக்ரோ எழுதறவங்களுக்கு.

2. நேத்து இருந்தது இன்னிக்கு இல்லையா? அதே மேனேஜ் பெட்டியில் டிஸேபிள்ட் ஐட்டம்ஸ் பாருங்க. எக்செல் படுத்துட்டா சில சமயம் ஆட்-இன்னை அங்கே தூக்கிப் போட்டுடும்.

3. வெளியிலிருந்து வந்த ஆட்-இன்னா, அன்பிளாக் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி யார் எழுதினதுன்னு தெரிஞ்சுக்கங்க. 32 பிட்டா 64 பிட்டான்னு ஃபைல் → அக்கவுன்ட் → அபவுட் எக்செலில் இருக்கும்.

4. 'எண் அல்லாதது'ன்னு திட்டினா கவுன்ட், கவுன்ட்ஏ ரெண்டையும் ஒப்பிடுங்க. காலிக் கட்டம் இருந்தாலும், தலைப்பைச் சேர்த்துக் காட்டிட்டு லேபிள்ஸ் டிக் பண்ணாம விட்டாலும் இதே திட்டுதான்.

5. எக்ஸ் காலம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கணும். 16க்கு மேல எடுத்துக்காது.

6. டேட்டாவை மாத்தினா டூல்பேக் விடை தானா மாறாது. திரும்ப ஓட்டணும். தானா மாறணும்னா லைன்எஸ்ட் ஃபங்ஷன். ஆனா அது கெழுக்களைத் தலைகீழ் வரிசையில் கொடுக்கும், ஜாக்கிரதை.

7. எல்லாத்துக்கும் முன்னாடி படம் போட்டுப் பாருங்க.

கத்தற சாஃப்ட்வேர் மேல கோபப்படாதீங்க மக்களே. அது உங்க நல்லதுக்குத்தான் கத்துது. எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டு, கலர் கலரா விடை கொடுக்குது பாருங்க, அதுகிட்டதான் பயப்படணும்.

டிஸ்கி: அந்தப் பழைய ஆட்-இன்னை அழிக்கலை. 'தொடாதே'ன்னு ஒரு ஃபோல்டரில் வச்சிருக்கேன். புதுசா சேர்ற பசங்களுக்கு முதல் நாள் அதில் 1,240 போட்டுக் காட்டுவேன் :-)