பால் ஸ்டோர் வரிசை

பிள்ளைகளே, நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவன். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால் ஸ்டோருக்குப் போவேன். அம்மாவுக்கு மேட்டு நிரை; வாளியோடு இறங்கி வருவதற்குள் வரிசை நீண்டுவிடும், அவர் கடைசியில் நிற்பார். முன்னால் ஒருவர் நிறுவைக்குப் போனதும் அடுத்தவர் அந்த இடத்துக்கு நகர்வார், அவர் இடத்துக்கு இன்னொருவர். ஆட்கள் முன்னே போக, காலி இடம் மட்டும் பின்னே வரும். குறைக்கடத்தியின் பாதி இயற்பியல் அந்த வரிசையில் இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

1972இல் பினாங்கில் இன்டெல் ஆலை திறந்தது. ஈப்போவிலும் சில்லு ஆலைகள் எழுந்தன. ஐந்தாம் படிவம் முடித்து அங்கே ஒன்றில் சேர்ந்தேன். தோட்டத்துப் பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுவார்கள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கைகள் அவை. பொறுமையை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இரவு வேலையில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் எனக்குப் பாடம் சொன்னார். சிலிக்கன் அணுவின் வெளிவட்டத்தில் 4 எலெக்ட்ரான்கள். நான்கும் அண்டை அணுக்களோடு கைகோத்து நிற்பதால் மின்சாரம் ஓட ஆளில்லை. கோடி அணுவுக்கு ஒன்று என்று பாஸ்பரஸ் சேர்த்தாலே போதும். அதன் ஐந்தாவது எலெக்ட்ரான் கட்டற்றுத் திரியும். போரானைச் சேர்த்தால், அதற்கு மூன்றே என்பதால், ஓரிடம் காலியாகும். பக்கத்து எலெக்ட்ரான் அதை நிரப்ப வர, காலி இடம் அங்கே மாறும். அதைத் ‘துளை’ என்கிறார்கள். கொஞ்சம் ஆசிட் தட்டுப் பால் முழுவதையும் உறைய வைப்பதைப் பார்த்தவனுக்கு, துளிக் கலப்பே எல்லாவற்றையும் மாற்றும் என்பதை நம்புவது கடினமாக இல்லை. ஆனால் பாலை முதலில் வடிகட்டுவோம் அல்லவா? சிலிக்கனையும் அப்படித்தான், அழுக்கு ஏறக்குறைய இல்லை என்னும்வரை சுத்தம் செய்த பிறகே சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பார்கள். அவசரப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

இருவகைச் சிலிக்கனும் சேரும் எல்லையில் எலெக்ட்ரான்கள் கடந்துபோய்த் துளைகளை நிரப்பும். பின்தங்கும் அணுக்களின் மின்னூட்டமே அங்கே வேலியாகும். சரியான திசையில் சுமார் 0.7 வோல்ட் கொடுத்தால் வேலி தாழ்ந்து மின்சாரம் ஓடும். எதிர்த்திசையில் கொடுத்தால் வேலி இன்னும் அகலும். டையோடு என்பது இவ்வளவுதான்.

ஒருநாள் மணிக்கட்டில் தரைக்கம்பிப் பட்டை கட்டாமல் ஒரு தட்டுச் சில்லுகளைத் தொட்டேன். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் 3,000 வோல்ட் அளவுக்கு ஏறினால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். அந்தச் சில்லின் மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு 100 வோல்ட்டே எமன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோதனையில் தட்டு முழுவதும் செத்துக் கிடந்தது. நமக்கு உறைக்காத அளவே இன்னொன்றை அழிக்கப் போதும் என்பதை அன்று கற்றேன். மறுநாள் தலைகுனிந்தபடிதான் போனேன், ஆனால் போனேன்.

அந்த மாதம் வீட்டுக்குப் போனபோது, என்ன வேலை என்று அம்மா கேட்டார். வரிசையையும் காலி இடத்தையும் சொல்லி விளக்கினேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப கடைசி ஆளு வரைக்கும் அது வந்துதானே ஆகணும்” என்றார்.