நோட்டில் நான் எழுதாத பெயர்கள்

ஆஸ்திரேலியப் படங்கள் என்றால் எனக்குப் பித்து. தில்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஓடிடியில் எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் என்னிடம்தான் கேட்பார்கள், நானும் உற்சாகமாகச் சொல்வேன். அந்த உற்சாகத்துக்குள் பல வருடங்களாக ஒரு குற்றம் இருந்தது. அந்த நாட்டுப் படங்களில் வெள்ளை முகங்களையே தேடித் தேடி ரசித்தேன். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அதே படங்களில் நடித்திருந்தும் அவர்களைக் கண்டும் காணாதவனாகத் தாண்டிப் போனேன். நானும் கறுப்புதான். அதனால் இதைச் சொல்லக் கூடுதலாகவே கூசுகிறது.

எனக்கு எல்லாம் தொடங்கியது 1999இல் வந்த 'டூ ஹேண்ட்ஸ்' படத்தில். பாலிகா பஜாரில் வாங்கிய திருட்டு டிவிடி அது. அதுவும் தப்புதான். சிட்னியில் ஒரு ரவுடியின் பத்தாயிரம் டாலரை ஒப்படைக்கக் கிளம்புகிற பையன், கடலைப் பார்த்ததும் இறங்கிவிடுவான். திரும்பி வருவதற்குள் தெருப் பிள்ளைகள் பணத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தப் பையன்தான் ஹீத் லெட்ஜர். ஹாலிவுட் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதற்கு முந்தைய லெட்ஜர். 'இவரை யாருக்கும் தெரியாத காலத்துப் படத்தை நான் பார்த்துவிட்டேன்' என்ற எண்ணம் போதையாகவே ஏறியது.

அதன்பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். மேலே வரப்போகிறவர்கள் என்று எனக்குத் தோன்றிய நடிகர்களின் பெயர், படம், வருடம், இரண்டு வரிக் குறிப்பு. பழைய படங்களையும் தேடிப் பிடித்தேன். 'டெட் காம்' (1989) நிக்கோல் கிட்மன், 'ரோம்பர் ஸ்டாம்பர்' (1992) ரஸ்ஸல் குரோ, 'மியூரியல்ஸ் வெட்டிங்' (1994) டோனி காலெட். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத ஒரு நாட்டிலிருந்து இத்தனை பேர் எப்படிக் கிளம்புகிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். மெல் கிப்சனும் ஜூடி டேவிஸும் கேட் பிளாஞ்செட்டும் சிட்னியின் நைடா நாடகப் பள்ளியில் படித்தவர்கள். 1985இல் தொடங்கிய 'நெய்பர்ஸ்', 1988இல் தொடங்கிய 'ஹோம் அண்ட் அவே' என்ற இரண்டு சீரியல்கள்தான் மற்றவர்களுக்குப் பட்டறை. மார்கோ ராபி முதல் சீரியலிலும் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் இரண்டாவதிலும் அடிபட்டுத் தேறினார்கள். இதையெல்லாம் மெட்ரோவில் பக்கத்தில் நிற்கும் அலுவலக நண்பர்களிடம் ராஜீவ் சௌக்கில் ஆரம்பித்து துவாரகா வரும்வரை பேசியிருக்கிறேன்.

2024 நவம்பரில் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் ஆஸ்திரேலியாவைச் சிறப்பு நாடாக வைத்தார்கள். தொடக்கப் படமே ஆஸ்திரேலிய இயக்குநர் மைக்கேல் கிரேசியின் 'பெட்டர் மேன்'. சத்யஜித் ராய் பெயரிலான வாழ்நாள் சாதனையாளர் விருது ஃபிலிப் நாய்ஸுக்கு. எனக்கு வீட்டில் கல்யாணம் நடக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் இங்கே இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன், பார்க்கவேண்டிய படங்கள் கேட்டான். நோட்டையே கையில் கொடுத்தேன். வெகுநேரம் புரட்டினான்.

"சித்தப்பா, இதுல அந்த ஊர்க்காரங்க யாரும் இல்லையே?"

"எல்லாருமே அந்த ஊர்தானடா."

"அதில்ல சித்தப்பா. வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தவங்க."

அவன் போன பிறகு நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அவன் சொன்னது சரி.

வெனிஸ் திரைப்பட விழாவில் மார்செல்லோ மாஸ்ட்ரோயானி விருது என்று ஒன்று உண்டு. புதிதாக எழுந்து வரும் நடிகர்களுக்கென்றே தரப்படுவது. 2019இல் அது 'பேபிடீத்' படத்துக்காக டோபி வாலஸுக்குக் கிடைத்தது. என் நோட்டில் அவருக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். அதற்கு முந்தைய வருடம், 2018இல், அதே விருதை வாங்கியவரும் ஓர் ஆஸ்திரேலியர்தான். ஜெனிஃபர் கென்ட் இயக்கிய 'த நைட்டிங்கேல்' படத்தில் பில்லியாக நடித்த பைகாலி கனம்பார். நடனக் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவருக்கு அதுதான் முதல் படம். ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவரை உட்காரச் சொல்லும் காட்சி அந்தப் படத்தில் வரும். உட்கார்ந்தவர், இது என் நாடு என்று சொல்லி உடைந்து அழுவார். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியில் கண் கலங்கியிருக்கிறேன். ஆனாலும் நோட்டில் அவர் பெயரை எழுதவில்லை. அடுத்தடுத்து இரண்டு வருடம் ஒரே விருது, ஒரே நாடு. எனக்கு ஒருவர் மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறார். இதற்கு ஞாபகமறதி என்று சமாதானம் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னும் பின்னால் போனால் இதைவிட மோசம். 1971இல் வந்த 'வாக்அபவுட்' பற்றி நோட்டில் நிறையவே இருக்கிறது. பாலைவனத்தில் தனியாக மாட்டிக்கொண்ட அக்காவையும் தம்பியையும் ஒரு பூர்வகுடிப் பையன் காப்பாற்றுகிற கதை. வற்றிப்போன ஊற்றில் ஒரு நாணற்குழலைச் செருகி உறிஞ்சித் தண்ணீர் வரவழைத்துக் காட்டுவான். படத்தைத் தூக்கி நிறுத்துவதே அந்தப் பையனின் நடையும் சிரிப்பும்தான். நான் எழுதியிருந்ததோ அக்காவாக நடித்த ஜென்னி அகட்டரையும், இயக்குநர் நிக்கலஸ் ரோக்கின் கேமராவையும் பற்றி. இருவருமே இங்கிலாந்துக்காரர்கள். ஆஸ்திரேலிய நடிகர்களுக்கென்று போட்ட நோட்டில், படத்தில் இருந்த அந்த மண்ணின் மகனுக்கு ஒரு வரிகூட இல்லை.

அவர் டேவிட் குல்பிலில். ஆர்னம் லேண்டைச் சேர்ந்த யொல்ங்கு இனத்தவர். மேனிங்ரிடாவில் சடங்கு நடனம் ஆடிக்கொண்டிருந்த பதின்வயதுப் பையனாக இருந்தபோது ரோக்கின் கண்ணில் பட்டார். அந்தப் படத்தின் டைட்டிலில் அவர் பெயரையே 'கம்பிலில்' என்று தப்பாகப் போட்டார்கள். அவர்களாவது தப்பாகவேனும் எழுதினார்கள். 1986இல் வந்த 'குரோக்கடைல் டண்டி'யிலும் அவர் இருக்கிறார். பத்திரிகைக்காரப் பெண் போட்டோ எடுக்கப் போகும்போது தடுப்பார். படம் எடுத்தால் ஆன்மா போய்விடும் என்று நம்புகிறீர்களா என்று அவள் கேட்பாள். இல்லை, லென்ஸ் மூடியை நீங்கள் கழற்றவில்லை என்பார். கேபிளில் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். இவர்தான் 'வாக்அபவுட்' பையன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. 2002இல் 'த டிராக்கர்' வந்தபோதுதான் கதையின் நடுநாயகமான வேடம் அவருக்குக் கிடைத்தது. முதல் படம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இயக்குநர் ரோல்ஃப் டி ஹீருடன் சேர்ந்து எழுதி நடித்த 'சார்லீஸ் கன்ட்ரி'க்காக 2014 கான் விழாவில் 'அன் சர்டன் ரிகார்ட்' பிரிவின் சிறந்த நடிகர் விருது பெற்றார். 2021 நவம்பரில் காலமானார். அவர் பெயர் எனக்கு மனதில் பதிந்தது அதற்கும் பிறகு.

கோவாவில் விருது வாங்கிய நாய்ஸ் எடுத்த 'ரேபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்' (2002) பூர்வகுடித் தாய்மாரிடமிருந்து அரசாங்கமே பிடுங்கிக்கொண்டு போன பிள்ளைகளின் கதை. வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்து வீடு திரும்பும் மூத்த சிறுமியாக நடித்தவர் எவர்லின் சாம்பி. நான் எழுதிவைத்தது, கிறிஸ்டோபர் டாயலின் ஒளிப்பதிவு, கென்னத் பிரானாவின் வில்லத்தனம்.

இது ஏன் நடந்தது என்று பல இரவு யோசித்தேன். மேலே வருவது என்றால் எனக்கு லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானம் ஏறுவது. அங்கே யாரை ஏற்றிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டு, அந்தக் கண்ணாலேயே நானும் ஆள் தேடியிருக்கிறேன். இது ஒரு காரணம். அடியில் இருக்கிற காரணம் நிறம்தான். தமிழ் சினிமாவில் கறுத்த கதாநாயகனை ஏற்றுக்கொண்ட நாம், கதாநாயகிக்கு மட்டும் மும்பையிலிருந்து வெளுத்த முகத்தைக் கூட்டிவந்தோம். அதைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. 2013இல் நடிகை நந்திதா தாஸ் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' (கறுப்பும் அழகே) இயக்கத்துக்காகப் பேசியபோது அந்தச் செய்தியை அலுவலகத்தில் எல்லாருக்கும் அனுப்பியவன் நான். தில்லியில் யாராவது என்னை 'மதராசி' என்றால் சண்டைக்குப் போகிறவன். வீட்டில் தனியாக உட்கார்ந்து படம் பார்க்கும்போது, யார் முகம் முக்கியம் என்பதை என்னை இழிவாகப் பார்த்தவர்களின் அளவுகோலை வைத்தே முடிவு செய்திருக்கிறேன்.

இதில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலில் பிறந்த ஜெரால்டின் விஸ்வநாதன், 2018இல் 'பிளாக்கர்ஸ்' படத்தில் வந்ததும் அவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதினேன். அப்பா தமிழர் என்பதால். 'தண்டர்போல்ட்ஸ்' வரை அவர் போயிருப்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்தான். ஆனால் கறுத்த முகம் என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. நம்மவர் என்றால் தெரிந்திருக்கிறது.

இயக்குநர் வார்விக் தார்ன்டனின் 'சாம்சன் அண்ட் டிலைலா'வை முன்பு பேச்சே இல்லை என்று பாதியில் நிறுத்தியிருந்தேன். 2009இல் கான் விழாவில் முதல் படத்துக்கான 'கேமரா டோர்' வாங்கிய படம் அது. இப்போது முழுதாகப் பார்த்தேன். பெட்ரோலை முகர்ந்தே தன்னை அழித்துக்கொள்ளும் சாம்சன் படம் முழுக்கப் பேசுவது ஒரே ஒரு சொல். தன் பெயர். அதையும் திக்கித் திக்கித்தான் சொல்வான். டிலைலா பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், கூட உட்கார்ந்து ஓவியம் தீட்டுவாள். நகரத்துக்குப் போன பிறகு பாட்டியின் ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய விலைக்குத் தொங்குவதைப் பார்ப்பாள். நடித்த பிள்ளைகள் ரோவன் மெக்நமாரா, மரிசா கிப்சன். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் படம்.

தார்ன்டனின் 'த நியூ பாய்' (2023) படத்தில் கேட் பிளாஞ்செட்டுக்கு எதிரில் நிற்கும் சிறுவன் அஸ்வான் ரீட், ஆஸ்திரேலியாவின் ஆக்டா விருதுகளில் சிறந்த நடிகராகத் தேர்வானான். இந்தப் பெயரை உடனே எழுதினேன்.

ஆஸ்திரேலியப் படம் பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது இதுதான்: 'சாம்சன் அண்ட் டிலைலா'வும் 'சார்லீஸ் கன்ட்ரி'யும் முதலில். லெட்ஜரின் படங்களும் ராபியின் படங்களும் எங்கேயும் போய்விடாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாதீர்கள். நடித்தவர்களின் பெயர்களைக் கடைசிவரை படியுங்கள்.