கடல் நடுவே ஒரு கிணறு

என் நாத்தனார் கணவருக்குச் சில வருஷங்களுக்கு முன் கவரத்திக்கு மாற்றலானது. "அது எங்கே இருக்கு?" என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டோம். லட்சத்தீவுகளின் தலைநகரமாம். பிள்ளைகளின் அட்லஸைப் புரட்டினேன். கேரளக் கரைக்கு மேற்கே, அரபிக் கடலில், பேனாவை உதறினாற்போல் நாலைந்து புள்ளிகள்! கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர், கப்பலில் போக வேண்டும்.

பெயரில்தான் லட்சம். கணக்கில் உள்ள தீவுகள் 36. ஜனங்கள் வசிப்பது 10-ல் மட்டும். எல்லா நிலத்தையும் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். மலை, ஆறு எதுவும் கிடையாது. பவளப் பூச்சிகள் கட்டிய திட்டு, அதன் மேல் வெள்ளை மணல், எங்கு பார்த்தாலும் தென்னை.

"அப்போ தண்ணிக்கு என்னடீ பண்ணுவே?" என்றார் என் மாமியார் மகளிடம். குடும்பம் நடத்துகிறவளுக்கு முதலில் வேறென்ன தோன்றும்?

தண்ணீர் வீட்டுக் கிணற்றிலேயே இருந்தது! மழை நீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல் நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்பு நீரைவிட லேசல்லவா, குழம்பின் மேல் எண்ணெய் மாதிரி நிற்கிறது. ஆனால் எண்ணெய் கலக்காது, இது கலந்துவிடும். கடல் பொங்கினால் கிணற்றிலும் மட்டம் ஏறும், வடிந்தால் இறங்கும் என்று நாத்தனார் சொன்னபோது நான் நம்பவே இல்லை. வாளியால் இறைத்தால் வம்பில்லை. மோட்டார் போட்டு விடாமல் உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். பிறகு மழை பெய்து கிணறு தேறினால்தான் உண்டு. இன்னொரு கஷ்டம், குட்டித் தீவில் வீடுகள் நெருக்கம். கக்கூஸ் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில். மணலில் எல்லாம் சுலபமாக ஊறும். கைக்குழந்தை வைத்திருந்த நாத்தனார், கொதிக்க வைக்காத தண்ணீரை ஒரு பாலாடைகூடக் கொடுத்ததில்லை.

அங்கே வீடும் கிணறும் பெரும்பாலும் பெண் வழிச் சொத்து. ஜனங்கள் முஸ்லிம்கள். ஆனாலும் தறவாட்டுச் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பழைய வழக்கப்படி கல்யாணமானாலும் பெண் தாய் வீட்டிலேதான். கணவன் இரவில் வந்து தங்கிவிட்டுக் காலையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவானாம். (மாமியார் காதில் விழாமல் நானும் நாத்தனாரும் இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம்!)

இந்தத் தீவுகளைப் பெண்களும் ஆண்டிருக்கிறார்கள். கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்தில் ஆணோ பெண்ணோ, மூத்தவருக்குத்தான் பட்டம். பெண்ணானால் அறக்கல் பீவி. அதனால் தீவுப் பெண்களுக்கு விடிந்துவிட்டதா என்றால் இல்லை. அங்கே நெல் விளையாது. பெண்கள் மட்டையை ஊற வைத்து, அடித்து, திரித்த கயிற்றை அரண்மனைக்கே கொடுத்து அரிசி வாங்க வேண்டும். விலை வைப்பதும் அரண்மனைதான். பொறுக்க முடியாமல் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமினிப் பக்கத்துத் தீவுக்காரர்கள் திப்பு சுல்தானிடம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் வெள்ளைக்காரர்கள். 1956-ல் யூனியன் பிரதேசம், 1973-ல் இன்றைய பெயர்.

கடல் மட்டம் உயர்வதுதான் இப்போதைய பயம். பங்காரம் பக்கத்தில் பரளி என்ற ஆளில்லாத் தீவு ஒன்றை அலை முழுக்க அரித்துவிட்டதாக 2017-ல் செய்தி வந்தது. தீவே முழுகும் முன்பு கிணறுதான் உப்பாகும்.

நல்லவேளையாக 2005-ல் கவரத்தியில் ஒரு நிலையம் வந்தது. அமைத்தது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். கடலின் மேல்மட்ட நீர் வெதுவெதுப்பாக இருக்கும். காற்றழுத்தத்தைக் குறைத்தால் அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். இட்லிப் பானை மூடியில் முத்து முத்தாக நிற்குமே, அதே சங்கதி! நாளைக்கு 1 லட்சம் லிட்டர். 2011-ல் மினிக்காய், அகத்தித் தீவுகளுக்கும் வந்தது.

நாத்தனார் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார உம்மா குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீரைத்தான் பிடிப்பாராம். மீன் குழம்புக்கு மட்டும் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக்கொள்வாராம். குழாய்த் தண்ணீரில் குழம்பு சப்பென்று இருக்கிறது என்று சொல்வாராம்.