அறுப்புக் காசும் ஆர்15 பைக்கும்

மாசிக் கடைசியில அறுப்பு முடிஞ்சுது. அம்பை 16 தான் போட்டிருந்தேன். வியாபாரி வந்து எடை போட்டுட்டுப் போயி, காசு கைக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே மகன் பேச்சை எடுத்துட்டான்.

"அப்பா, வண்டிக்கு ஒரு பதினெட்டாயிரம் வேணும்."

வண்டின்னா டிராக்டர் இல்ல. அவன் பாளையங்கோட்டையில பழசா வாங்கின யமஹா ஆர்15. 2011ல வந்த ரெண்டாவது மாடல். 149 சிசி, தண்ணியில குளிரும் இஞ்சின், 17 குதிரைசக்தி. அவனுக்கு முன்னாடி ரெண்டு பேர் ஓட்டின வண்டி. "முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்கு, டாப்ல நிக்க மாட்டேங்கு"ன்னு ரெண்டு மாசமா முனகிட்டு இருந்தான். பதினெட்டாயிரத்துக்குக் கணக்கும் எழுதி வச்சிருந்தான். சத்தம் போடுற சைலன்சர் ஒண்ணு, வெளிநாட்டு ஏர் ஃபில்டர் ஒண்ணு, பெட்ரோல் அளவை மாத்துற சின்னப் பெட்டி ஒண்ணு, இதையெல்லாம் மாட்டக் கூலி.

நான் உடனே மாட்டேன்னு சொல்லல. "பன்னிரண்டாயிரம் தாரேன். ஆனா எதை முதல்ல செய்யணும்னு நான் சொல்லுவேன்"னேன். அவன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டான். அவங்க அம்மா, "ஒங்களுக்கு என்ன தெரியும் அந்த வண்டியப் பத்தி"ன்னா. தெரியும். ஏன் தெரியும்ங்கிறதைப் பொறவு சொல்லுதேன்.

கிணத்து மோட்டார்ல தண்ணி குறைஞ்சா நம்ம ஆளுக என்ன செய்வான்? அஞ்சு குதிரை மோட்டாரைத் தூக்கிப் போட்டுட்டு ஏழரை வாங்குவான். கீழ ஃபுட்வால்வு ஒழுகிட்டு இருக்கும், அதை ஏறெடுத்தும் பாக்க மாட்டான். பைக்குலயும் அதே கதைதான். புதுசா குதிரை வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிற 17ல எத்தனை குதிரை வழியில ஒழுகிப் போகுதுன்னு பாக்கணும்.

மறுநாள் காலையில களத்துல வச்சி வண்டியப் பாத்தோம். இந்த வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. பின் ஆர்முக்கு அடியில ரெண்டு பக்கமும் கட்டையைக் குடுத்துத் தூக்கி, நியூட்ரல்ல போட்டுப் பின் வீலைக் கையால சுத்தச் சொன்னேன். நல்ல வண்டின்னா சக்கரம் தாராளமா சுத்தணும். இது ஒத்தச் சுத்துல நின்னு போச்சு. பிரேக்கை யாரும் மிதிக்கல. கேலிபரைக் கழத்திப் பாத்தா, நகர வேண்டிய பின்னுல தொழி அப்பிக் காஞ்சு செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கு. போன நடவுல வரப்புப் பாதையில வண்டியைக் கொண்டு வந்தானே, அந்தத் தொழி. நாலு மாசமா பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே ஓட்டியிருக்கான் எம் மகன். இதைச் சரி பண்ண உப்புத்தாளும் கிரீசும் போதும். காசே கிடையாது.

செயினு அடுத்தது. ஒரு இடத்துல தொங்குது, இன்னொரு இடத்துல விறைச்சி நிக்கு. பல்லு எல்லாம் சுறா மீன் பல்லு மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சு போச்சு. ஏர் ஃபில்டரைக் கழத்தினா கருப்பா இருக்கு. "நான் மாசா மாசம் காத்தடிச்சித்தான் மாட்டுதேன்"னான். அங்கதான் தப்பு. இந்த வண்டி ஃபில்டர் எண்ணெய் பூசின காயிதம். அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கும். காத்தடிச்சா தூசி உள்ள ஏறிக்கிடும். அதைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது, மாத்தத்தான் செய்யணும். மாட்டு வண்டிப் புழுதியும் செங்கச்சூளைத் தூசியும் பறக்கிற நம்ம ரோட்டுக்குப் புத்தகத்துல போட்டிருக்கிறதை விட முன்னாடியே மாத்தணும்.

பின் டயர் நடுவுல தேஞ்சு பலகை மாதிரி ஆயிட்டு. காத்து எவ்வளவுன்னு கேட்டேன். "கடையில அடிக்கிறதுதான்." கடைக்காரர் எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் அடிப்பாரு. வண்டியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அதை அவன் ஒரு நாளும் வாசிச்சதில்ல.

கேலிபர் பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே அவன் கேட்டான். "எல்லாஞ் சரி. சைலன்சர் மட்டும் மாத்திக்கிடுதேன். நீங்களும் ஆர்எக்ஸ்ல மாத்தினீங்கன்னு பெரியப்பா சொல்லுவாங்களே?"

மாத்தினேன். 1994ல எங்கிட்ட ஆர்எக்ஸ் 100 இருந்துச்சு. அப்ப இந்தப் பக்கத்துல அந்தச் சத்தத்தைக் கேட்டாலே ஆளுக திரும்பிப் பாப்பாக. 98 சிசி, 11 குதிரை, வண்டி நூறு கிலோதான். அதுவே காணும். ஆனா எனக்குப் பத்தல. டவுன்ல ஒரு மெக்கானிக் சிலிண்டர் போர்ட்டை அரம் போட்டு அகலப்படுத்தினாரு. ஹெட்டை இழைச்சாரு. சைலன்சருக்குள்ள இருந்த குழலை உருவினாரு. மொத்தம் அறுநூறு ரூவா. ஒரு மாசம் வண்டி பறந்துச்சு. கார்புரேட்டர் ஜெட்டை மட்டும் யாரும் மாத்தல. காத்து கூடப் போகுது, பெட்ரோல் பழைய அளவுலயே போகுது. கலவை மெலிஞ்சா இஞ்சின் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் சூட்டுல விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விக்கிடும். இதெல்லாம் எனக்குப் பொறவு தெரிஞ்சது.

ஆனி மாசம், கார் நடவு நேரம். பத்தமடை தாண்டி வந்துக்கிட்டிருக்கேன், பின்னால எங்க அப்பா. பிஸ்டன் கவ்விட்டு. பின் சக்கரம் அப்படியே நின்னுட்டு. கிளச்சைப் பிடிக்கணும்னு கை நினைக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் ரோட்டுல கிடக்கோம். எனக்கு முட்டி சிராய்ப்பு. அப்பாவுக்கு இடுப்பெலும்பு. அந்த வருசம் அவர் வயல்ல இறங்கல. பொறவு இறங்கினாலும் வரப்புல ஒரு பக்கமா சாஞ்சுதான் நடப்பாரு.

வீட்டுல சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் 'தாத்தா வாய்க்கா மதகுல வழுக்கி விழுந்தாக'ன்னுதான் சொல்லி வச்சிருந்தோம். அப்படிச் சொல்லச் சொன்னதே அப்பாதான். அவர் போயி ஒம்பது வருசமாச்சு. அன்னைக்குக் களத்துல வச்சித்தான் மகன்கிட்ட முதல்முதலா சொன்னேன். அவன் ஒண்ணும் பேசல. தேய்ச்ச பின்னையே இன்னும் கொஞ்ச நேரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தான்.

சைலன்சர் பேச்சு அதோட நின்னுது. ஆனா பயமுறுத்தி நிப்பாட்டுனதா இருக்கக் கூடாதுன்னு எனக்கு. அதனால கணக்கையும் போட்டுக் காட்டினேன். வேகம் ஏற ஏற வண்டி மல்லுக் கட்டுறது காத்தோடதான். அதுக்கு வேணுங்கிற சக்தி வேகத்தோட மூணாம் படியில ஏறும். டாப் ஸ்பீடு பத்து சதம் கூடணும்னா சக்தி முப்பத்து மூணு சதம் கூடணும். 17 குதிரை 22க்கு மேல போகணும். சைலன்சரும் ஃபில்டரும் மாத்தி 150 சிசியில ஒரு குதிரை கிடைச்சாலே பெருசு. அந்த ஒரு குதிரையை வேற வழியிலயும் வாங்கலாம். வண்டி 136 கிலோ, இவன் 70, மொத்தம் 206. இதுல பத்து கிலோ குறைஞ்சா இழுவையில கிட்டத்தட்ட ஒரு குதிரை கூடின மாதிரிதான். "ராத்திரி புரோட்டாவை நிறுத்து, குதிரை தானா வரும்"னேன். அதுக்கு மட்டும் அவங்க அம்மா சிரிச்சா.

சட்டமும் இருக்கு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப, அனுமதியில்லாம வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் கூட உண்டுன்னு போட்டிருக்கான். சைலன்சர் விலையை விட அது கூட ஆயிரும்.

அவன் விரும்பின மாத்தம் ஒண்ணுக்கு மட்டும் நானும் ஒத்துக்கிட்டேன். செயினோட முன் பல்சக்கரம். கம்பெனி கொடுத்தது முன்னால 15 பல்லு, பின்னால 47. முன்னால 14 போட்டா ஒவ்வொரு கியர்லயும் இழுவை ஏழு சதம் கூடும். எப்படியும் செயின் செட்டு மாத்தத்தான் போறோம், கூடுதல் செலவு ரொம்பக் கொஞ்சம். ஊருக்குள்ள, திருப்பத்துல, லாரியைத் தாண்டுறப்ப அந்த ஏழு சதம் நல்லாத் தெரியும். பதிலுக்கு அதே இஞ்சின் சுத்துக்கு வேகம் ஏழு சதம் குறையும். அந்தப் பாதியை நான் மெக்கானிக் அண்ணாச்சி வாயால சொல்ல வச்சேன்.

செலவை எழுதி வச்சிருக்கேன். செயின் செட்டு 3,200, பின் டயர் 3,900, முன்னயும் பின்னயும் பிரேக் பேடு 900, ஏர் ஃபில்டர் 350, ஸ்பார்க் பிளக் 180, ஆயில் 500. டேப்பட்டு பாக்க, மாட்டி விடக் கூலி 800. ஆக 9,830. டேப்பட்டு ஒரு வால்வுல இறுகி இருந்துச்சு. இழுவை போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னாரு அண்ணாச்சி.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு. மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில பந்தயப் பாதை இருக்கு, 1990ல இருந்து ஓடுது, ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர். அங்க ஆர்15 மட்டுமே ஓடுற பந்தயம் நடத்தியிருக்காக. எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒரே இஞ்சின். ஆனாலும் முன்னால வாறவனுக்கும் கடைசியில வாறவனுக்கும் அவ்வளவு இடைவெளி. "அது எதுல வருதுன்னு நெனைக்க? எங்க பிரேக் பிடிக்கணும், எங்க விடணும்னு தெரிஞ்சதுல வருது"ன்னாரு. நான் சொன்னா கேக்க மாட்டான். அவரு சொன்னதும் தலையை ஆட்டினான்.

ஞாயித்துக்கிழமை விடிய ரெண்டு பேரும் பாபநாசத்துக்குப் போனோம். அவன் ஓட்டுதான், நான் பின்னால. ஆர்15 பின் சீட்டுல உக்காருறது பனையில உக்காந்த மாதிரி. வயசான காலத்துல இது தேவையான்னு வீரவநல்லூர் வரும்போதே தோணிட்டு. ஆனா வண்டி நல்லா இழுத்துச்சு. முன்னெல்லாம் ரெண்டு ஆள் ஏறினா மூணாவது கியர்ல திணறுமாம். இப்ப முறுக்கினதும் போகுது. ஆத்துல குளிச்சிட்டுத் திரும்பினோம்.

கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு வளைவு. திரும்பினதும் ரோட்டுல பாதிக்கு நெல்லு காயுது, ஓரத்துல கல்லு அடுக்கி வச்சிருக்கு. நானும்தான் காயப் போட்டவன், யாரைச் சொல்ல. ஒரு ஆச்சி கையில முறத்தோட, குனிஞ்சபடியே ரோட்டுக்குள்ள பின்னால எட்டு வைக்குதா. எங்கையி ரெண்டும் இவன் தோளை நெரிச்சிட்டு. பழைய பேடும் மொட்டை டயருமா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் நினைக்கல. 1994தான் நினைப்புல வந்துச்சு. இவன் பதறல. நெல்லு மேல ஏறாம, நேரா வச்சி ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடிச்சான். ஆச்சிக்கு ஒரு கட்டில் தூரம் இருக்கும்போதே வண்டி நின்னுட்டு.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு, மூதி"ன்னு ஆச்சி வஞ்சா. இவன் வண்டிய விட்டு இறங்கி, காத்துல சிதறின நெல்லை உள்ள தள்ளி விட்டுட்டு வந்து ஏறினான். சேரன்மாதேவி வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.

வீட்டுல வந்து வண்டிய நிறுத்தினதும், "அப்பா, பன்னிரண்டாயிரத்துல மிச்சம் 2,170 இருக்குல்லா?"ன்னான். திரும்பச் சைலன்சரோன்னு பாத்தேன். பின்னால உக்காருதவங்களுக்கு ஒரு ஹெல்மெட் வேணுமாம். அன்னைக்கு நான் தலையில துண்டுதான் கட்டியிருந்தேன்.

சரின்னு எடுத்துக் குடுத்தேன். டவுனுக்குப் போறவன் அப்படியே ரெண்டு சாக்கு வாங்கிட்டு வரட்டும். கன்னடியன் கால்ல தண்ணி அடைச்சிருக்கு, கார் பருவத்துக்கு விதைநெல்லை எடுத்துக் கட்டி வைக்கணும்.