துபாயா, கொல்லிமலையா? முதலில் பாட்டியைக் கேளுங்கள்!

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, 'கல்யாணத்தை துபாயில் வைத்துக்கொண்டால் என்ன?' என்ற பேச்சு இப்போது சில வீடுகளில் எழுகிறது. புர்ஜ் கலீஃபா பின்னணியில் போட்டோ, பாலைவன மணல்மேட்டில் வரவேற்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால், பட்ஜெட்டுக்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். வைகாசி, ஆனி முகூர்த்தங்களின்போது துபாய் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மணல்மேட்டுக் கனவு ஏ.சி. ஹாலுக்குள் சுருங்கிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரைதான் இதமான காலம். அதில் மார்கழி கழிந்துவிடும். மிஞ்சும் மாதங்களில் சுற்றுலா சீசன் என்பதால் அறை வாடகையும் ஏறியிருக்கும்.

அடுத்தது பாஸ்போர்ட். வருகிற ஒவ்வொருவரிடமும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும், விசாவும் இருக்க வேண்டும். பேத்தி கல்யாணத்தைப் பார்க்கவே நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் இருப்பது ரேஷன் கார்டும் ஆதாரும்தான். அவரை வீட்டில் விட்டுவிட்டு, வீடியோவில் அட்சதை போடச் சொல்வதா?

ஊரை விட்டுத் தள்ளி, குளிர்ச்சியான இடத்தில் கல்யாணம் என்பதுதான் ஆசை என்றால், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைக் கொஞ்சம் யோசிக்கலாம். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். கீழே சித்திரை வெயில் கொளுத்தினாலும் மேலே காற்று இதமாக இருக்கும். பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் சந்நிதியில் தாலி கட்ட விரும்பினால், தேதியைக் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே பத்திரிகை அடிக்க வேண்டும்.

பந்திக்கு மலைவாழையும் பலாவும் மிளகும் அங்கேயே கிடைக்கும். சாமைச்சோறு வைத்தால் வயதானவர்கள் இரண்டு பிடி கூடுதலாகவே சாப்பிடுவார்கள். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை. அதனால் வாழை இலை, எவர்சில்வர் டம்ளர் என்றே திட்டமிடுங்கள்.

சிரமம் இல்லாமல் இல்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! பெரிய சொகுசு பஸ்ஸை நம்பாமல், வேன்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சமையல் பாத்திர லாரி முந்தின நாளே ஏறிவிட வேண்டும். நூறு அறை கொண்ட ஓட்டலும் அங்கே கிடையாது. கூட்டத்தைக் குறைக்க மனசு வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் படுத்தும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பட்டுப்புடவையோடு போட்டோ எடுக்கக் கிளம்பினால், ஏறி வருவதற்குள் மணப்பெண்ணின் அலங்காரம் கலைந்துவிடும். அதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணம் முடிந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். புறப்படும் காலையில் எல்லோரும் இட்லியை அளவோடு சாப்பிடட்டும். பையில் எலுமிச்சம்பழமும் இஞ்சிமிட்டாயும் இருக்கட்டும். வேனின் முன் சீட் பாட்டிக்கு.