குல்மார்க்கில் பனி தேடினோம்!

காஷ்மீர் என்றாலே வெள்ளை வெளேரென்ற மலைதானே நம் கண்முன் வரும்? 2024 ஜனவரியில் குல்மார்க்கில் இறங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கு பார்த்தாலும் காய்ந்த புல்! "என்னம்மா, நம்ம ஊர் மைதானம் மாதிரி இருக்கு!" என்றான் மகன். பனிச்சறுக்குக்காகவே வந்தவனாயிற்றே!

டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிரை அங்கே 'சில்லை கலான்' என்கிறார்கள். அப்போது விழும் பனிதான் மலையில் இறுகிக் கிடந்து, கோடையில் மெல்ல உருகி ஓடைகளுக்குத் தண்ணீர் தருமாம். மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுதான் பனியைக் கொண்டுவரும். அந்த வருஷம் அது ஜனவரிக் கடைசி வரை ஏமாற்றிவிட்டது. குதிரைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

கோண்டோலா என்ற தொங்கு வண்டியில் கொங்டோரி போய், அங்கிருந்து இன்னொன்றில் அஃபர்வட் மலைக்கு ஏறினோம். சுமார் 13,000 அடி! மூச்சு வாங்கியது. மேலே மட்டும் கொஞ்சம் பனி இருந்தது.

சறுக்குப் பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு சிலர் மலையேறினார்கள். பட்டை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. உச்சியில் அதை உரித்துவிட்டு, ஆளில்லாத சரிவில் சறுக்கி இறங்குவார்களாம். பையனுக்கு அதன்மேல் ஒரே ஆசை.

"பனி பெய்ததும் திரும்ப வரட்டுமா?" என்று வழிகாட்டியைக் கேட்டான்.

"வா தம்பி. ஆனா பனி விழுந்த உடனே மேலே போகக் கூடாது" என்றார் அவர். பனி குறைவாக இருந்து, குளிர் நீடித்தால், அடிப் பனி சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகிவிடுமாம். அதன்மேல் கனமான புதுப் பனி விழுந்தால் பிடிப்பு இல்லாமல் மொத்தமாகச் சரியுமாம். புதைந்தவரைக் கால் மணிக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால்தான் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, நீளக் கம்பி, மண்வாரி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரியில் பனி கொட்டியது. பையன் நண்பர்களோடு கிளம்பிவிட்டான். 22-ம் தேதி டி.வி.யில் செய்தி: குல்மார்க்கில் பனிச்சரிவு, ரஷ்ய நாட்டவர் ஒருவர் மரணம். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. போன் கிடைக்கவே இல்லை. முருகா, முருகா என்று உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "அம்மா, நான் ரூம்லதான் இருக்கேன். அந்த அண்ணா இன்னிக்கு வேண்டாம்னுட்டார். நாங்க சண்டை கூடப் போட்டோம்மா..."

அந்த முகம் தெரியாத தாய்க்காகவும் அன்று விளக்கேற்றினேன்.

குல்மார்க் போகும் சகோதரிகளே! ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு மேலே ஏறுங்கள். பிள்ளைகளைச் சறுக்க அனுப்புங்கள், தடுக்க வேண்டாம். ஆனால் உள்ளூர்க்காரர் "வேண்டாம்" என்றால், டிக்கெட் பணம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிடச் சொல்லுங்கள்!